வாஷ்பேசின் குடித்த எண்ணெய்

மூக்கருக்கு மூக்கு ஒன்றும் அவ்வளவு பெரியதல்ல. சாதாரண மூக்கு. கண்ணாடி நழுவாமல் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தேயிலைக் கம்பெனியில் வாசல் காவலாளி முதல் லாரி டிரைவர் வரை எல்லாருக்கும் அவர் மூக்கர்தான். கம்பெனி விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டும் முதலில் அந்த மூக்கிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வெளியே போகவேண்டும்.

தேயிலை ருசி பார்ப்பது என்றால் கால்மேல் கால் போட்டுக்கொண்டு நாள் முழுக்க டீ குடிக்கிற உத்தியோகம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் பிடித்துவந்து ஒரே ஒரு நாள் அந்த அறையில் நிறுத்தவேண்டும். நீள மேஜை. அதன்மேல் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மூட்டையின் இலை. வெந்நீர் ஊற்றுவது, நேரம் பார்ப்பது, கோப்பை கழுவுவது எல்லாம் கெட்டில் அக்காவின் பொறுப்பு. அவர் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடிவைப்பார். சாறு இறங்கியதும் மூக்கர் குனிந்து, மூடியில் ஒட்டியிருக்கும் ஈர இலையை முகர்வார். பிறகு கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சுவார். அதே சத்தத்தை வீட்டில் எழுப்பினால் மனைவி முறைப்பாள். இங்கே அதுதான் வேலையே. உறிஞ்சியதை நாக்கில் உருட்டி, மூக்கு வழியாக மூச்சை விட்டு, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு, "காயவைக்கும்போது சூடு கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு" என்பார். தேயிலையை அனுப்பியவர்களைக் கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு ஆமாம் என்பார்கள்.

இந்த வேலைக்கு ஆயுள் முழுக்கப் பத்தியம். வெங்காயம் பூண்டு கிட்டே வரக்கூடாது. வாசனை சோப்பு கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய்கூட வாசனை இல்லாததாகப் பார்த்து வைக்கவேண்டும். கல்யாணமான புதிதில் மனைவி ஆசை ஆசையாக வாங்கிக்கொடுத்த சென்ட் பாட்டில் இன்னும் பீரோவில் மூடி திறக்காமல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சங்கடம், அவளுக்குச் சிரிப்பு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தெருவோர மரங்கள் பூக்கத் தொடங்கும்வரை. எங்கிருந்துதான் அந்த மஞ்சள் மகரந்தத் தூள் வருமோ! நிறுத்திவைத்த கார் மேல் அது, காயப்போட்ட துணி மேல் அது. மூக்கருக்குத் தும்மல் வந்தால் ஒற்றையாக வராது. அண்ணன் தம்பி சொந்த பந்தம் எல்லாரையும் கூட்டிக்கொண்டுதான் வரும். தும்மல் போனால் மூக்கடைப்பு. மூக்கு அடைத்தால் நாக்கும் செத்ததற்குச் சமம். அப்படி அடைத்துக்கிடந்த ஒரு நாளில், லேசாகப் புகை வாசனை ஏறியிருந்த தேயிலை ஒன்றைத் "தேவலாம்" என்று தலையாட்டி அனுப்பிவிட்டார். வாங்கியவர்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மேனேஜர் அம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட மூக்கருக்குப் பரவாயில்லை என்றிருக்கும்.

"சார், உங்களை எனக்குத் தெரியும். வாங்கறவங்களுக்குத் தெரியாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, உங்களைப் பேக்கிங்குக்கு மாத்திட்டு வெளிய இருந்து வேற ஆளைக் கூட்டிட்டு வர்றதைத் தவிர எனக்கு வழியில்ல. மூக்கைச் சரி பண்ணிட்டு வாங்க."

பேக்கிங் என்றால் கேவலமா? இல்லவே இல்லை. ஆனால் அங்கே டேப் ஒட்டுவதற்கு மூக்கு தேவையில்லை. இத்தனை வருஷம் மூக்கராக இருந்துவிட்டு வெறும் கையும் காலுமாக எப்படி இருப்பது?

டாக்டரிடம் போகாமல் இல்லை. மாத்திரை கொடுத்தார், தும்மல் நின்றது. கூடவே தூக்கம் கண்ணைச் சொருகியது, நாக்கு பஞ்சு மாதிரி உலர்ந்துபோனது. சரி என்று மூக்கில் அடிக்கிற மருந்து கொடுத்தார். அது தொண்டைக்கு இறங்கி நாள் முழுக்கக் கசந்தது. "மத்தவங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை சார். உங்களுக்கு மூக்கு வேணுமா, நாக்கு வேணுமா?" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ரெண்டும் வேணும் டாக்டர்" என்று மூக்கர் அழாத குறையாகச் சொன்னார்.

இந்த நேரம் பார்த்துத்தான் மைத்துனன் வந்து சேர்ந்தான்.

மனைவியின் ஒரே தம்பி. தங்கமான பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம். முன்பு தண்ணீர் வடிகட்டி விற்றான். பிறகு கால் பிடித்துவிடும் மெஷின். அதற்குப் பிறகு வெயிலில் சார்ஜ் ஆகிற விளக்கு. அந்த வருஷம் பார்த்து வானம் மூடிக்கொண்டு அழுதது. அவன் கை வைத்த எதுவும் விளங்கியதில்லை. இப்போது இயற்கைச் சத்து மாத்திரைகள். ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் கொட்டினான்.

"அத்தான், இனிமே உங்க மூக்கு என் பொறுப்பு."

"வேண்டாம் மாப்ளே, அது என்கிட்டயே இருக்கட்டும்."

"சிரிக்காதீங்க அத்தான். எல்லாம் இயற்கை! இதைப் பாருங்க, தொட்டாலே அரிக்குமே ஒரு செடி, அதோட இலையைக் காயவெச்சுப் பொடி பண்ணிக் கேப்ஸ்யூல்ல அடைச்சது."

"மூக்கு அரிக்குதுன்னு வந்தா, அரிக்கிற செடியையே தின்னச் சொல்றியா?"

"அங்கதான் அத்தான் விஷயமே இருக்கு! இது வெங்காயத் தோல் சத்து. இது அன்னாசித் தண்டு. இது தேனீங்க பூவுக்குப் பூ போய்ச் சேர்த்த மகரந்தம்..."

"மாப்ளே, எனக்கு ஆகாததே மகரந்தம்தானே?"

மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் படிப்படியாகப் பார்க்கிறவள். அவள் கையை நீட்டி மகரந்த டப்பாவை மட்டும் தனியே எடுத்து ஓரமாக வைத்தாள். "இது வேண்டாம்டா. எது ஆகாதோ அதையே கரண்டி கரண்டியா ஊட்டி, ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? வேற காட்டு."

கடைசியாக ஒரு கறுப்பு பாட்டில் வெளியே வந்தது. "இதுதான் ராஜா. கருஞ்சீரக எண்ணெய். தினம் காலையில ஒரு கரண்டி" என்று மூடியைத் திறந்தான். அம்மம்மா! காரமும் கசப்பும், பூட்டியே கிடந்த மரப்பெட்டியின் நெடியும் சேர்ந்து ஒரு வாசனை, அடைத்துக்கிடந்த மூக்கிலேயே கதவைத் தட்டியது. இதில் ஒரு கரண்டி உள்ளே போனால் அன்றைக்கு முழுக்க எல்லாத் தேயிலையும் ஒரே தேயிலைதான். இது நடக்காது என்று சொல்ல மூக்கர் வாயைத் திறந்தார்.

மனைவி அவர் தோளில் கை வைத்தாள். "ஏங்க, முதல் தடவையா அவன் ஒண்ணை நம்பி முழு மனசா இறங்கியிருக்கான். நீங்க சாப்பிட்டுக் குணமானாத்தான் நாலு பேர் நம்புவாங்க. எனக்காக."

அந்த 'எனக்காக' இருக்கிறதே, அதற்கு மாற்று மருந்து எந்த டாக்டரிடமும் கிடையாது. மூக்கர் வாயை மூடிக்கொண்டார்.

மைத்துனன் முறையைச் சொல்லிக்கொடுத்தான். காலையில் முகம் கழுவவேண்டும். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் உப்புப் போட்டு, மூக்கு நீண்ட சின்னக் கிண்டியில் ஊற்றி, தலையைச் சாய்த்து, ஒரு துளையில் விட்டு மறு துளையில் வெளியேற்றவேண்டும். அப்புறம் எண்ணெய், அப்புறம் கேப்ஸ்யூல். "மூக்கை அலசிட்டுக் குடிச்சாத்தான் எண்ணெய் பிடிக்கும் அத்தான். அதான் எண்ணெய் வாங்கினாக் கிண்டி இலவசம்."

மறுநாள் காலை மூக்கர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். முகம் கழுவினார். கிண்டியால் மூக்கை அலசினார். உப்புத் தண்ணீருக்கு வாசனை இல்லை, பத்தியத்துக்கு இடைஞ்சல் இல்லை. பிறகு கரண்டியில் எண்ணெயை ஊற்றிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். முகம் அவரைப் பாவமாகப் பார்த்தது. கரண்டி நேராக வாஷ்பேசின் துளைக்குள் கவிழ்ந்தது. கேப்ஸ்யூல்களும் அதன் பின்னாலேயே போயின. கொஞ்சம் வெந்நீரைத் திறந்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கசந்த முகத்தோடு வெளியே வந்தார்.

"குடிச்சாச்சா?" என்றாள் மனைவி.

"ம்ம்" என்றார். பொய்யென்று சொல்லமுடியாத அளவுக்குச் சின்ன 'ம்ம்'.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. எண்ணெய் வாஷ்பேசினுக்கு, உப்புத் தண்ணீர் மூக்குக்கு. மனைவி வேறு ஜன்னல்களைச் சாத்திவைத்தாள், தலையணை உறைகளை ஓயாமல் துவைத்தாள், வெளியிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றச் சொல்லி விரட்டினாள். என்ன ஆச்சரியம், கொஞ்சம் கொஞ்சமாக மூக்கு திறந்துகொண்டது. தும்மல் அடியோடு போகவில்லை. ஆனால் சொந்த பந்தமெல்லாம் ஊருக்குத் திரும்பிவிட்டது, அவ்வப்போது ஒன்றிரண்டு மட்டும் எட்டிப் பார்த்தது.

மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பி தேறிவிட்டான், புருஷனும் தேறிவிட்டார்! அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க, உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் மூக்கருக்குள் எழுந்து, எழுந்த வேகத்திலேயே படுத்துக்கொண்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டார். நாளைக்கும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

மைத்துனன் சும்மா இருப்பானா? வாடிக்கையாளர்களை வீட்டுக்கே கூட்டிவர ஆரம்பித்தான். "பாருங்க, சாதாரண மூக்கு இல்ல, தேயிலைக் கம்பெனி மூக்கு! எப்படி இருந்தவர் தெரியுமா?" மூக்கர் கண்காட்சிப் பொருளாக ஹாலில் உட்கார்ந்திருப்பார். தும்மல் வந்தால் போச்சு என்று மேலுதட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து அடக்குவார். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வழியும்.

"பாத்தீங்களா, அத்தானுக்கு ஆனந்தக் கண்ணீர்!" என்பான் அவன்.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஹால் முழுக்க எண்ணெய்ப் பெட்டிகள். நடக்க இடமில்லை என்று மனைவி முணுமுணுத்ததும், ஒரு நாள் பெட்டிகள் அத்தனையும் காணாமல் போயின. "நல்ல இடம் ஒண்ணு கிடைச்சிருக்கு அக்கா. காத்தோட்டமா, ஈரமே இல்லாம" என்றான். ஹால் காலியானதே போதும் என்று யாரும் எங்கே என்று கேட்கவில்லை.

மேனேஜர் அம்மாவுக்கும் சேதி போயிற்று. பேக்கிங்கில் வேலை பார்க்கும் பெண்கள் தேயிலைத் தூசியில் தும்மித் தும்மிக் களைத்துப்போகிறார்கள். மூக்கருக்கே குணமாயிற்றென்றால் அவர்களுக்கும் வாங்கிக் கொடுத்தால் என்ன? மைத்துனனை வரச் சொல்லி அனுப்பினார். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய வியாபாரம் வாய்த்ததில்லை. அவனை வரச் சொன்ன நாள், பார்த்துப் பார்த்து, பல மூட்டைத் தேயிலையைச் சேர்த்துத் தயாரிக்கிற வருஷத்துப் பெரிய கலவையை வாங்குகிறவர் நேரில் வந்து ருசி பார்க்கிற நாளாக அமைந்துவிட்டது.

அந்த வாங்குகிறவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். போன வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும். அவர் மத்தியானம் வருகிறார். காலையில் மூக்கர் கலவைக்கான மூட்டைகளைக் கடைசியாக ஒரு முறை பார்க்கத் தொடங்கினார்.

முதல் கோப்பை சுத்தம். அடுத்தது பிரமாதம். அதற்கடுத்த கோப்பையின் மூடியை முகர்ந்ததும் மூக்கர் அப்படியே நின்றுவிட்டார். திரும்ப முகர்ந்தார். உறிஞ்சினார். துப்பினார். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி உறிஞ்சினார்.

சந்தேகமே இல்லை. தேயிலைக்கு அடியில், படுதாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்பவன் மாதிரி, கருஞ்சீரகம்!

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க."

கெட்டில் அக்கா முகர்ந்து பார்த்தார். "டீ வாசனைதான் சார் வருது. எனக்கு வேற ஒண்ணும் தெரியல."

மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவரும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "என்ன வாசனைன்னு சொல்றீங்க?"

"கருஞ்சீரக எண்ணெய்ம்மா."

கெட்டில் அக்கா தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டார். மேனேஜர் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சார், தினமும் காலையில அதைத்தானே ஒரு கரண்டி குடிச்சிட்டு வர்றீங்க? உங்க மச்சான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கார். அது உங்க வாய்ல இருக்கிற வாசனை சார்."

"இல்லம்மா, கோப்பையில..."

"யோசிச்சுச் சொல்லுங்க. இந்தக் கலவையை நிறுத்தினா மத்தியானம் வர்றவருக்குக் காட்ட என்கிட்ட ஒண்ணும் கிடையாது. அவர் வேற இடம் பார்த்துட்டுப் போயிடுவார். நிறுத்தாம விட்டு, நீங்க சொல்றது நிஜமா இருந்தா, நம்ம பேரே போச்சு. எனக்கு ஒரே பதில்தான் வேணும். வாசனை கோப்பையிலயா, உங்க வாய்லயா? தப்பாச் சொன்னீங்கன்னா, போன தடவை சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

அந்த அம்மாள் கேட்டதில் ஒரு குற்றமும் சொல்லமுடியாது. வாயில் இல்லை என்று மூக்கருக்குத் தெரியும், ஏனென்றால் வாய்க்குள் ஒரு சொட்டுக்கூடப் போனதில்லை. அதைச் சொல்லிவிட்டால் வேலை பிழைக்கும். ஆனால் அதைச் சொன்ன மறு நிமிஷம்...

கதவு திறந்தது. புதுச் சட்டையும் பெரிய பையுமாக மைத்துனன் உள்ளே வந்தான். கூடவே, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, தம்பியின் பெரிய வியாபாரத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று வந்திருந்த மனைவி. அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"வணக்கம் மேடம்! அத்தானைப் பாத்தாலே தெரியுமே, நான் வேற தனியா என்ன சொல்றது?" என்று ஆரம்பித்தான் அவன்.

மூக்கர் மனைவியைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். மறுபடி மனைவியைப் பார்த்தார். இந்தத் தேயிலை நாளை யார் யார் வீட்டிலோ கொதிக்கப்போகிறது. குடிக்கிறவர்கள் முகம் சுளிக்கப்போகிறார்கள். அதை மட்டும் அவரால் தாங்கமுடியாது.

"நான் அதைக் குடிக்கவே இல்ல" என்றார்.

"எதை அத்தான்?"

"உன் எண்ணெயை, மாப்ளே. ஒரு நாள்கூட. தினமும் வாஷ்பேசின்ல ஊத்திட்டேன். கேப்ஸ்யூலையும்தான். என்னை மன்னிச்சிடு. குடிச்சிருந்தா என்னால இந்த வேலையைப் பார்த்திருக்கவே முடியாது. உப்புத் தண்ணி மட்டும்தான் விட்டேன்." பிறகு மேனேஜர் அம்மாவிடம் திரும்பினார். "அதனால இது என் வாய் இல்லம்மா. கோப்பைதான்."

மைத்துனனின் கையிலிருந்த பை மெல்லத் தரைக்கு இறங்கியது. மூக்கருக்கு மனைவியின் பக்கம் திரும்பவே தைரியமில்லை.

மேனேஜர் அம்மா கைகளைக் கட்டிக்கொண்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. வேலையைக் காப்பாத்திக்க இப்ப இப்படிச் சொல்றீங்கன்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்லட்டும்? நீங்க குடிக்கலைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

ஆதாரம்! குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்த காரியத்துக்கு ஆதாரத்துக்கு எங்கே போவது?

"நான் சொல்றேன் மேடம்" என்றாள் மனைவி.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் வகுப்பில் நிற்கிற மாதிரி நேராக நின்றாள்.

"எங்க வீட்டு வாஷ்பேசினைத் தேய்ச்சுக் கழுவறவ நான்தான். முதல் நாளே துளையைச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு. மறுநாளும் அப்படியே. வெந்நீர் விட்டா எண்ணெய் போயிடும்னு இவருக்கு நினைப்பு. கேப்ஸ்யூல் ஊறிப்போய் அடைச்சுக்கிட்டு, குழாய்க்காரரை வரவெச்சுக் குழாயையே கழட்ட வேண்டியதாப் போச்சு. பாட்டில்ல குறைஞ்ச எண்ணெய் மொத்தமும் அந்தக் குழாய்லதான் போச்சு. சந்தேகமா இருந்தா குழாய்க்காரரை வரச் சொல்றேன், அவர் மூக்கைப் பொத்திக்கிட்டே வேலை பார்த்தார்."

மூக்கர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன?"

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க எனக்காகத்தானே நடிச்சீங்க? தினமும் கசந்த மூஞ்சி வேற வெச்சுக்கிட்டு வந்து நின்னீங்க. மூக்கும் தேறிட்டு வந்துச்சு. நடுவுல நிறுத்த எனக்கு மனசே வரல." அத்தனை பேருக்கு நடுவிலும் மூக்கருக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பிடித்தும் கொண்டார்.

"அப்ப நான்தான் இங்க முட்டாளா?" என்றான் மைத்துனன், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல்.

"இருங்க, அதுக்கு அப்புறம் வருவோம்" என்று மேனேஜர் அம்மா குறுக்கிட்டார். "கோப்பையில வாசனை இருக்குன்னா அது எங்கிருந்து வந்துச்சு? எந்த மூட்டை சார் இது?"

"கிடங்குல பின்சுவர் ஓரமா இருக்கிற வரிசைம்மா. கலவைக்காகப் பிரிச்சு வெச்சிருக்கோம்."

மைத்துனன் பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். "அத்தான்... பின்சுவர் ஓரமா?"

"ஆமா. ஏன்?"

"நம்ம பெட்டிங்களும் அங்கதான் இருக்கு அத்தான்."

காற்றோட்டமாக, ஈரமே இல்லாமல்! அடப்பாவி, தேயிலைக் கிடங்கைவிட அப்படி ஓர் இடம் உலகத்தில் எங்கே கிடைக்கும்? எல்லாரும் கிடங்குக்கு ஓடினார்கள். பிரித்த தேயிலை மூட்டைகளுக்குப் பின்னால், சுவரோடு சுவராக எண்ணெய்ப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அடிப்பெட்டி ஒன்றில் பாட்டில் விரிசல் விட்டு, அட்டை முழுக்கக் கறுப்பாக ஊறியிருந்தது. தேயிலைக்கு ஒரு குணம் உண்டு, பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். சோப்புக் கட்டியைக்கூட அந்த வாசலைத் தாண்ட விடமாட்டார்கள்.

கிடங்குக்காரர் கையைப் பிசைந்தார். "சார்தான் வைக்கச் சொன்னாருன்னு தம்பி சொல்லிச்சு. சீல் போட்ட பெட்டிதானேன்னு..."

மூக்கருக்கு வாழ்க்கையில் அப்படிக் கோபம் வந்ததில்லை. "என் பேரைச் சொன்னியா? தேயிலைக்குப் பக்கத்துல எண்ணெயை வைக்க, என் பேரையா சொன்னே?"

"தப்புதான் அத்தான். அக்கா நடக்க இடமில்லைன்னு சொல்லிச்சு. எனக்கு வேற போக்கிடம் இல்ல. இதுவரைக்கும் என் பேரைச் சொன்னா எந்தக் கதவும் திறந்ததில்ல, உங்க பேரைச் சொன்னா எல்லாக் கதவும் திறக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். இந்தத் தடவை அது நிஜக் கண்ணீர்.

அதைக் கேட்டதும் மூக்கரின் கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. அவன் சொன்னது ஒரு பொய். அவர் சொன்னது தினம் ஒரு பொய். எந்த முகத்தோடு திட்டுவது?

"திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல தூக்கு" என்றாள் மனைவி.

புதுச் சட்டை நனைய நனைய, பெட்டிகள் அத்தனையையும் அவனே தூக்கி வாசலுக்கு வெளியே கொண்டுபோனான். மூக்கர் மூட்டை மூட்டையாக மாதிரி எடுத்தார். கெட்டில் அக்கா ஊற்றிக்கொண்டே இருந்தார். சர், சர், சர் என்று அறை முழுக்க உறிஞ்சல். பின்சுவர் வரிசை மட்டும்தான் கெட்டிருந்தது, மற்றதெல்லாம் சுத்தம். கெட்டதை ஒதுக்கிவிட்டு, அதற்கு ஈடாக வேறு மூட்டைகளிலிருந்து எடுத்து, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, வாங்குகிறவர் வாசலில் இறங்கும் நேரத்துக்குக் கலவை தயாராகிவிட்டது.

வாங்குகிறவர் கோப்பையைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்துத்தானா மூக்கரின் மூக்கு குறுகுறுக்க வேண்டும்? வழக்கம்போலக் கட்டைவிரல் மேலுதட்டுக்குப் போயிற்று. கண்ணில் தண்ணீர் முட்டியது. கதவருகே நின்ற மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"இனிமே யாருக்காக அடக்கறீங்க?" என்று கிசுகிசுத்தாள். "போய்த் தும்மிட்டு வாங்க."

மூக்கர் வெளியே ஓடினார். வராந்தாவைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பூத்துக் குலுங்கும் மரத்தடிக்குப் போய், இத்தனை நாள் அடக்கிவைத்த அத்தனையையும் சேர்த்து ஒரு தும்மல் தும்மினார். லாரியில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். அதைத் தொடர்ந்து இன்னொன்று. இன்னொன்று. அட, என்ன சுகம்! முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது வாங்குகிறவர் கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் குடிச்ச அதே டீ" என்றார். அதற்கு மேல் ஒரு பாராட்டு அந்தத் தொழிலில் கிடையாது.

அவரை அனுப்பிவிட்டு வந்த மேனேஜர் அம்மா மூக்கர் எதிரில் நின்றார். "சார், மூக்கு இந்த ரூம்லயே இருக்கட்டும். தும்மல் மட்டும் அப்பப்ப வெளிய போயிட்டு வரட்டும்." பிறகு, பையைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்த மைத்துனனை நிறுத்தினார். "தம்பி, நீங்க கெடுத்த மூட்டைக்கு என்ன செய்யறதுன்னு தனியாப் பேசணும். கிடங்கைத் துடைக்கிற வேலையும் உங்களுக்குத்தான். ஆனா அந்தக் கிண்டி இருக்கே, அது பேக்கிங்ல எல்லாருக்கும் ஒண்ணு வேணும்."

"எண்ணெய் மேடம்?"

"எண்ணெய் வேண்டாம்."

"கிண்டி இலவசம் மேடம். அதுக்கு நான் விலையே போடலையே!"

"போடுங்க" என்றார் அவர்.

சாயங்காலம் மூவருமாக வீட்டுக்கு நடந்தார்கள். மைத்துனன் சட்டையெல்லாம் தூசியும் எண்ணெயுமாகப் பின்னால் வந்தான். தெருத்திருப்பம் வரை பேசாமல் வந்தவனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அத்தான், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. அவ்வளவு எண்ணெயும் வாஷ்பேசினுக்கா போச்சு? ஒரு சொட்டுகூட நீங்க குடிச்சுப் பாக்கலையா?"

மூக்கர் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

"வருத்தப்படாதே மாப்ளே, உன் எண்ணெய் நல்ல எண்ணெய்தான். இவ்வளவு பூ பூத்தும் நம்ம வாஷ்பேசின் ஒரு தடவைகூடத் தும்மலையே!"

முதலில் சிரித்தது மைத்துனன்தான்.